விட்டுப்போன ரெண்டு ப்ளக்-இன்

"கதவைச் சாத்திட்டு உட்காரும்மா" என்றார் மானேஜர். அவர் மேஜைமேல் ஒரு கத்தை காகிதம். வரிக்கு வரி சிவப்பு மையில் அடிக்கோடு.

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். என்ன காகிதம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 'பஞ்சு பறக்குது' ப்ளாக்கை அப்படியே பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்.

அந்த மெத்தைக் கம்பெனியில் ஒரு மாதமாக வேறு பேச்சே கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் பேர் போடாமல் ப்ளாக் ஆரம்பித்து, முதலாளியின் திங்கட்கிழமைப் பிரசங்கத்தில் தொடங்கி, லிஃப்ட் கண்ணாடியில் தலை வாருகிறவர்கள் வரைக்கும் எல்லாரையும் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். மானேஜரும் தப்பவில்லை. ஆளை மேலிருந்து கீழ்வரை அளக்கிற பார்வைக்காக அதில் அவருக்கு 'ஸ்கேனர்' என்று பேர் வைத்துவிட, இப்போது வாசல் செக்யூரிட்டிகூட அவர் தலை மறைந்ததும் அப்படித்தான் சொல்கிறார்.

முதலாளிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "எழுதினது யாருன்னு தெரிஞ்ச நிமிஷமே வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்று மீட்டிங்கிலேயே சொல்லிவிட்டார்.

அவளுக்கு அதுதான் பயம். ப்ளாக், அதற்குக் கூடுதல் வசதி சேர்க்கிற ப்ளக்-இன் என்று இந்தச் சமாசாரமெல்லாம் தெரிந்தவள் அந்தக் கட்டடத்திலேயே கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிற இவள் ஒருத்திதான். இவளுடைய வேலையை நிரந்தரமாக்குகிற ஆர்டர் வேறு இந்த மானேஜர் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கிறது. கணவன் கடையை மூடிய பிறகு வீட்டில் அடுப்பு எரிவதே இவள் சம்பளத்தில்தான்.

"இதைப் படிக்கிறியா?"

"எப்பவாவது சார்."

"எப்பவாவதா?"

"தினமும் சார்."

ஸ்கேனர் அவளை ஒருதரம் அளந்தார். "எப்படி இருக்கு?"

இதற்கு என்னத்தைச் சொல்வது? ஆகா ஓகோ என்றால் மாட்டிக்கொள்வாள். "பரவாயில்ல சார். லிஃப்ட் பத்தினது சிரிப்பா இருந்துச்சு. கேன்டீன் பத்தினதுதான் ஒரே இழுவை. பாதிக்கு மேல படிக்க முடியலை."

"இழுவையா?" மானேஜர் முகம் சுண்டிப்போயிற்று. சும்மா இருக்காமல் வாயை விட்டோமே என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சரி, உனக்கு யார்மேல சந்தேகம்?"

"யார்மேலயும் இல்ல சார்."

"ஆபீஸ்ல யாரைச் சொல்லிக்கிறாங்க? பயப்படாம சொல்லு."

"அக்கவுண்ட்ஸ் அண்ணனைச் சொல்றாங்க."

"அவனா? லீவு லெட்டரையே பக்கத்து சீட்டுல கேட்டுத்தான் எழுதுவான்." காகிதக் கத்தையை அவள் பக்கம் தள்ளினார். "இந்த ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா, முடியாதா? அதைச் சொல்லு."

மனுஷன் போட்டு வாங்குகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. முடியாது என்றால் வேலை தெரியாதவள் என்பார். முடியும் என்றால், இவ்வளவு தெரிந்தவள்தானே எழுதியிருக்க வேண்டும் என்பார். எப்படிப் போனாலும் இடிக்கிறது.

"முடியும் சார்" என்றாள், வருவது வரட்டும் என்று. "புதுசா ப்ளாக் ஆரம்பிக்கிறவங்க பண்ற தப்பெல்லாம் இதுலயும் இருக்கு. கண்ல பட்ட ப்ளக்-இன்னையெல்லாம் வாரிப் போட்டுருக்காங்க. எத்தனை பேர் படிச்சாங்கன்னு எண்ணிக் காட்ட ஒண்ணு, மேலேருந்து பஞ்சு கொட்டுறதுக்கு ஒண்ணு, கடிகாரத்துக்கு ஒண்ணு. பக்கம் திறக்குறதுக்குள்ள நமக்குக் கொட்டாவி வந்துடுது. ஆனா முக்கியமான ரெண்டைக் கோட்டை விட்டுட்டாங்க."

"எந்த ரெண்டு?"

"ஒண்ணு, படத்தைச் சுத்தம் பண்றது. போன்ல எடுக்கிற படத்துக்குள்ளயே எந்த போன், எந்த இடம், எந்த நேரம்னு எல்லாம் பதிஞ்சிருக்கும் சார். அதை அழிக்காம அப்படியே ஏத்தியிருந்தா, தெரிஞ்சவன் புட்டுப் புட்டு வச்சிடுவான்."

"நீ பார்த்தியா?"

"எனக்கெதுக்கு சார் வம்பு?"

மானேஜர் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டார். "இன்னொண்ணு?"

"முன்னாடியே எழுதி, வெளிவர நேரம் குறிச்சு வைக்கிறது. இப்ப எல்லாமே சாப்பாட்டு நேரத்துலதான் வருது. அந்த நேரத்துல யார் சாப்பிடப் போகாம சீட்லயே இருக்காங்கன்னு நாலு நாள் கவனிச்சாலே ஆள் சிக்கிடும். அந்த ப்ளக்-இன் மட்டும் இருந்தா, எழுதினவர் முதலாளி பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டிட்டு இருக்கும்போதுகூட அது பாட்டுக்குத் தானா வந்துடும்."

அதையும் குறித்துக்கொண்டார். எழுந்துபோய்க் கதவைத் திறந்து, வராந்தாவில் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "நாளைக்கு முதலாளி வெளியிலேருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வர்றார். இதையெல்லாம் நோண்டிப் பார்க்குறதுக்கு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "சார், சத்தியமா நான் எழுதலை. இந்தப் பழியை என் தலையில கட்டி வேலைக்கு வேட்டு வச்சிடாதீங்க. வீட்ல எல்லாரும் இதைத்தான் நம்பி இருக்கோம்."

"நீ எழுதலைன்னு எனக்குத் தெரியும்."

"பின்ன எதுக்கு சார் என்னை மட்டும் கூப்பிட்டு இப்படிக் குடையறீங்க?"

மானேஜர் இழுப்பறையிலிருந்து அவளுடைய ஆர்டரை எடுத்து, ஒரு கையெழுத்தைப் போட்டு, அவள் முன்னால் வைத்தார். பிறகு லேப்டாப்பைத் திறந்து 'பஞ்சு பறக்குது' பக்கத்துக்குப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த ரெண்டையும் இப்பவே போட்டுடும்மா. நான் பாஸ்வேர்ட் அடிக்கிறேன், நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."