மேற்கே போன எருது

காட்டுச் சபையில் மேற்குத் தொகுதியின் உறுப்பினர் ஒரு கிழட்டு எருது. தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்து அதன் கொம்பே தேய்ந்துவிட்டது. சபையில் பேச எழுந்தால் ஜன்னல் பக்கம் திரும்பி, சூரியன் இறங்கும் இடத்தைக் கொம்பால் காட்டும்.

“அதோ, அங்கே என் ஜனங்கள் தண்ணீருக்குத் தவிக்கிறார்கள்!”

சபையே கண் கலங்கும்.

இந்தத் தேர்தலுக்கு அது நேரிலேயே தொகுதிக்குப் புறப்பட்டது. சாயங்காலம், கரை உடைந்த குளத்தருகே வெள்ளாடும் கௌதாரியும் ஆவாரம்பூ மாலையோடு காத்திருந்தன. எருது நிற்காமல் அவற்றைத் தாண்டி நடந்தது.

“ஐயா, ஊர் வந்துடுச்சு, நில்லுங்க!” என்று வெள்ளாடு பின்னாலேயே ஓடியது.

எருது சூரியனைப் பார்த்தது. “இல்லம்மா, என் தொகுதி மேற்கே இருக்கு. இன்னும் போகணும்.”

“இதுதாங்க மேற்கு! குளத்துல சொட்டுத் தண்ணி இல்லைங்க.”

“அடடா!” எருது உண்மையாகவே வருத்தப்பட்டது. “உங்க உறுப்பினர் யாரு? அவர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. எனக்கு நேரமாச்சு, அங்கே என் ஜனங்க பாவம்.”

வெள்ளாடு மாலையோடு திரும்பி வந்து நடந்ததைச் சொன்னது. கௌதாரி சூரியன் இறங்கும் பக்கத்தையே வெகுநேரம் பார்த்தது.

“நாமும் அங்கேயே குடி போயிடலாமா?” என்றது கடைசியில். “அங்கே இருக்கிறவங்களுக்குப் பேச ஒரு ஆள் இருக்காரே.”