மன்னரின் விக்கல்

மன்னர் தொட்டால் கழுத்தில் வரும் கண்டமாலைக் கட்டிகள் கரைந்துவிடும் என்று அந்த நாடே நம்பியது. ஈஸ்டர் காலையில் பேராலயத்தின் வாசலைத் தாண்டி நோயாளிகளின் வரிசை நீண்டிருந்தது. அன்றைக்கென்று பார்த்து மன்னருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. “மன்னன் தொடுகிறான், கடவுள்...” என்று தொடங்குவார், அதற்குள் ஒரு விக்கல் வரும். தொடும்போது சொல்லும் அந்த வாசகம் பாதியில் அறுந்தால் பலிக்காது. தண்ணீர் குடித்துப் பார்த்தார், நிற்கவில்லை.

“எல்லாரையும் திருப்பி அனுப்பிடலாம், மகாராஜா” என்றார் பக்கத்தில் நின்ற பேராலய ஆயர்.

வரிசையில் முதலாவதாக நின்ற பெரின் என்ற பெண் வாத்து மேய்ப்பவள். கழுத்துக் கட்டியோடு நான்கு நாள் நடந்து வந்திருந்தாள். விறுவிறுவென்று மன்னர் நின்ற படியில் ஏறி அவர் மூக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்தாள்.

“வாயையும் மூடுங்க ராசா. நான் சொல்ற வரைக்கும் மூச்சு விடக்கூடாது.”

காவலர்கள் வாளை உருவினார்கள். மன்னர் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். அவர் முகம் சிவந்து, கண்களில் நீர் கோத்தது.

“ம், இப்ப மூச்சு விடுங்க” என்று பெரின் விரலை எடுத்தாள்.

பேராலயமே காத்திருந்தது. விக்கல் வரவில்லை. மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவள் கழுத்தைத் தொட்டு, வாசகத்தை ஒரே மூச்சில் முழுதாகச் சொன்னார்.

அடுத்து வந்த கிழவர் மன்னரைப் பார்த்தார், பெரினைப் பார்த்தார். அவள் முன்னால் போய் மண்டியிட்டார்.

“என்னை நீயே தொட்டுவிடு, தாயி.”

பெரின் பயந்துபோய் மன்னரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சற்று நகர்ந்து, படியில் அவளுக்கு இடம் விட்டார்.