யாரும் கத்தவில்லை

“மூணு நாளா ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடல. இன்னைக்கே கதையை முடிச்சிடலாம்” என்றார் முதலாளி.

பாவம், யாருடைய சீட்டோ கிழியப்போகிறது என்று நினைக்க வேண்டாம். லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தின் பதினேழாம் நம்பர் சர்வரைப் பற்றித்தான் பேச்சு. பெரிய கணினி ஒன்றுக்குள் குடியிருக்கும் பல சின்னக் கணினிகளில் அதுவும் ஒன்று.

திங்கட்கிழமை அதை ஓட ஓடவே, ஒரு நொடிகூட நிறுத்தாமல், புதிய பெரிய கணினிக்குக் குடிமாற்றியவர் ‘சிஸ்டம் மேடம்’. கம்ப்யூட்டர் பிரிவு முழுக்க அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து அது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் திரையில் பூஜ்யம்தான் தெரிந்தது.

“அது வேலை செய்யுது சார். இடம் மாத்தினதுல கணக்குதான் தப்பாக் காட்டுது. வீடு மாறினப்புறமும் கரண்ட் பில் பழைய வீட்டுக்கே போகுமே, அந்த மாதிரி.”

“மீட்டர் எதுக்கு அத்தான் பொய் சொல்லப்போகுது?” என்று முதலாளியின் மைத்துனர் நடுவில் புகுந்தார். கம்ப்யூட்டர் படிப்பு முடித்த நாளிலிருந்து மேடத்தின் நாற்காலி மேல் அவருக்கு ஒரு கண்.

“சரி, அதுல என்னதான் ஓடுது?”

“எனக்கு முன்னாடி அதைப் போட்டவர் வேலையை விட்டுப் போயிட்டார் சார். பாஸ்வேர்டும் அவரோடயே போயிடுச்சு.”

“அப்ப அணைச்சுடும்மா. தேவைப்படறவன் கத்துவான்.”

கேட்க முரட்டுத்தனமாக இருந்தாலும் சர்வர்காரர்கள் ரகசியமாகச் செய்கிற வேலைதான் இது. எது யாருக்கு என்று தெரியாவிட்டால், அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

மேடத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. “அஞ்சு நிமிஷத்துல உங்க டேபிள் போன் அடிக்கும் சார். அடிக்கலைன்னா நான் ராஜினாமா பண்ணிடறேன்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அந்த வேலையை அவர் உயிராக நேசித்தார்.

சர்வர் அணைந்தது. முதலாளி டெலிபோனை மேஜை நடுவே இழுத்து வைத்தார். ஊழியர்களானாலும் முதலாளியானாலும் செல்போனை வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். எனவே கத்துகிறவர்களுக்கு இது ஒன்றுதான் வழி.

மூன்று பேரும் பிரசவ அறை வாசலில் நிற்பவர்கள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் வாயைத் திறக்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புகார்ப் பிரிவு. எப்போதும் போன் மேல் போன் எடுத்து மூச்சுவிட நேரமில்லாமல் தவிக்கிற பெண்கள் இருவரும் நிம்மதியாக ஆளுக்கொரு ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“பாத்தியாம்மா, எல்லாரும் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க” என்றார் முதலாளி. “இத்தனை நாளா ஒரு தண்டத்துக்குத் தீனி போட்டிருக்கோம்.”

சாயங்காலம் ஆனது. மேடத்துக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ராஜினாமாவை எழுதிக் கொடுத்தார். மைத்துனர் அதற்குள் மேடத்தின் நாற்காலியை அங்கேயே உருட்டி வந்து, அதில் உட்கார்ந்து உயரத்தைச் சரிசெய்ய ஆரம்பித்திருந்தார்.

முதலாளி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது கதவு படாரென்று திறந்தது. அவர் மனைவி நின்றிருந்தார். தலை கலைந்திருந்தது, இரண்டு கையிலும் கறுப்பாக மசகு.

மைத்துனர் பதறி எழுந்தார். “என்னக்கா இது கோலம்?”

அக்கா தம்பியைத் திரும்பியும் பார்க்கவில்லை. கணவரைத்தான் முறைத்தார்.

“மத்தியானத்துலேருந்து நம்ம வீட்டு லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு இந்த ஆபீசுக்குத்தான் போன் பண்ணிக்கிட்டே இருந்தேன். ரிங்கே போகல.”

மேடம் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்; பதினேழாம் நம்பரோடு சேர்ந்து அதுவும் அணைந்திருந்தது.