மறைக்காமச் சொல்லணும்

"அம்மன் ஒத்தக்கால்ல தவசு நிக்காளே, வலிக்காதாம்மா?" என்று மகள் சிறுவயதில் கேட்டாள்.

"அந்த வலியத்தான் நாம ஆடித்தவசுக்குக் கோயில் கொடிமரத்தைச் சுத்திச் சுத்தி நம்ம கால்ல வாங்கிக்கிடுதோம்" என்றாள் ராஜேஸ்வரி.

அவள் கணவர் மருதப்பன் இன்று பிசியோதெரபி மேசையில் படுத்திருந்தார்.

"எங்க வலி அண்ணாச்சி?" என்றாள் பிசியோதெரபிஸ்ட் நிர்மலாதேவி.

"இடது முட்டு. படியேறுனா உயிர் போவுது."

"பழைய நோவு, மாத்திரை, ஆப்பரேஷன், எதையும் மறைக்காமச் சொல்லணும்."

"சுகர் மாத்திரை உண்டும்மா. போன வருசம் கர்ப்பப்பையை எடுத்தாச்சு."

நிர்மலாதேவியின் பேனா நின்றது. "யாருக்கு?"

"என் வீட்டுக்காரிக்கு. வலியும் அவளுக்குத்தான். பயந்துகிட்டு வரமாட்டேங்கா. நான் செஞ்சு பாத்துட்டுச் சொன்னா வருவா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு பயிற்சியைக் காட்டிவிட்டு, அவள் அடுத்தவரிடம் போனாள்.

மருதப்பன் ஒன்றை மட்டும் மறைத்துவிட்டார். அவர் கால் முறிந்து கிடந்தபோது, அவருக்காக ராஜேஸ்வரி கொடிமரம் சுற்றித் தேய்ந்த முட்டு அது.

திரைக்குப் பின்னால் தனியாக, வலியே இல்லாத காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.