விட்டுப்போன எட்டாவது

ஜோகுபாளையத்துக் கத்தோலிக்கப் பங்கில் எங்கும் எழுதி வைக்கப்படாத, ஆனால் எவரும் மீறாத விதி ஒன்று இருந்தது. கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளையும் பெண்ணும் செப மந்திரங்களை ஒப்பிக்க வரும் நாளில், கேட்பவர் பங்குச் சாமியார். பதில் சொல்பவள் பெண். பெண் ஒருத்தி திருப்பிக் கேள்வி கேட்டதாக அங்கே யாருக்கும் நினைவில்லை.

1934 ஜனவரியில் ஒரு காலை, சாமியாரின் மேசை முன் பிரிஜெட் வாய் திறவாமல் நின்றாள்.

"சின்னப் பிள்ளைங்ககிட்ட கேக்கற கேள்விம்மா. சர்வேசுரன் எத்தனை பேர்?"

'தெரியாது' என்றுகூட அவள் சொல்லவில்லை.

"வாயத் தொறடி! சாமியைப் பேஜார் பண்ணாதே," என்று தாய் பிரகாசியம்மாள் முழங்கையில் கிள்ளினாள். "நேத்துலேர்ந்து தலையில அடிச்சிக்கிறேன், சாமி. புஸ்தகத்தைக் கையால தொடல. சின்ன வயசுல புதுநன்மை வாங்கப் படிச்சதெல்லாம் எங்கடி போச்சு?"

அருகில் நின்ற மாப்பிள்ளை சில்வெஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ரங்கூன் ரயில்வேயில் அவன் குமாஸ்தா. பெண் பார்த்தது ஞாயிறு மாலை, இன்று செவ்வாய். தவக்காலம் கலியாணங்களுக்குக் கதவடைக்குமுன், லீவு தீருமுன், மனைவியோடு கப்பலேறிவிட வேண்டும்.

"முதல்ல நீர் சொல்லும்," என்று சாமியார் அவன் பக்கம் திரும்பினார்.

மெயில் வண்டி சிறு ஸ்டேஷன்களைக் கடப்பதுபோல், சில்வெஸ்டர் எங்கும் நிற்காமல் ஒப்பித்தான். விசுவாசப் பிரமாணம் ஓடியது. பத்துக் கட்டளைகள் பறந்தன. முந்தானை மறைவில் விரற்கணுக்களை எண்ணிக்கொண்டிருந்த பிரிஜெட்டின் கட்டைவிரல் நடுவில் ஓரிடத்தில் நின்றது, பிறகு நகரவில்லை.

"பேஷ்! ரங்கூன்லயும் கோவிலை மறக்கலை போலிருக்கே," என்றார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த சாமியார்.

"கோவிலுக்கு ஏது சாமி நேரம்? எல்லாம் நேத்து ஒரே நாள்ல உருப்போட்டது!"

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரிஜெட்டை மீண்டும் பார்த்தார். அவள் அப்படியே நின்றாள்.

"மந்திரம் தெரியாத பொண்ணுக்கு நான் கோவில்ல கலியாண ஓலை வாசிக்க முடியாது. தவக்காலம் முடிஞ்சு, பாஸ்குத் திருநாள் கழிச்சு வாம்மா. அவசரமில்லை, பொறுமையாப் படி."

பிரகாசியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விசும்பினாள். "ஊரே சிரிக்குமே, சாமி!" பிரிஜெட் தலையைத் தாழ்த்தினாள்.

சில்வெஸ்டர் சிரித்தான். "பாஸ்குக்கு நான் ரங்கூன்ல இருப்பேன், சாமி. எதுக்கு நாள் கடத்தணும்? சாயந்திரம் வீட்டுக்குப் போய் நானே உக்காந்து சொல்லித் தர்றேன். நாளைக்கு ஒப்பிப்பா. பொண்ணுங்களுக்கு எதையும் திணிச்சாத்தான் ஏறும்!"

பிரிஜெட் நிமிர்ந்தாள்.

"எட்டாவதை விட்டுட்டீங்க," என்றாள்.

"என்னது?"

"எட்டாவது கட்டளை. பொய்ச்சாட்சி சொல்லாதே. களவை முடிச்சதும் நேரா அடுத்தவன் பொண்டாட்டிக்குப் போயிட்டீங்க."

பிரகாசியம்மாளின் விசும்பல் பாதியில் நின்றது. பிரிஜெட் முதற் கட்டளையிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொன்றையும் பொருள் விளங்குமாறு நிறுத்தி, வாசலில் தடுமாறுபவருக்கு வழி காட்டுவதுபோல் நிதானமாகச் சொல்லிப் பத்தையும் முடித்தாள்.

சாமியார் கண்ணாடியை அணிந்துகொண்டு அவளை வியப்புடன் நோக்கினார். "எல்லாம் தெரிஞ்சும் ஏம்மா ஊமை மாதிரி நின்னே? இப்பவே ஓலை எழுதிடறேன்." அவர் கை பேனாவை எடுத்து மைக்கூட்டை நோக்கிச் சென்றது.

பிரிஜெட் மைக்கூட்டின் மூடியை எடுத்து மூடினாள். பிறகு, பெண் பார்க்க வந்த நாள் முதல் ஒருமுறையும் ஏறிட்டுப் பாராத சில்வெஸ்டரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"மந்திரம் தெரியும், சாமி. இவரைத் தெரியுமா எனக்கு?"