திரும்பிப்போ அக்கா

லிஃப்டுக்குக் காத்திருந்தால் கிருமி செத்துவிடும் என்று நர்ஸ் படிக்கட்டில் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள்.

உள்ளங்கைக்குள் ரப்பர் மூடி போட்ட ஒரு சின்னக் குப்பி. அதற்குள் எட்டாம் கட்டில்காரரின் சீழ், அரை ஸ்பூன்கூடத் தேறாது.

காற்று பட்டால் உயிரை விட்டுவிடும் கிருமியாக இருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். அது எது என்று தெரிந்தால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும். மனிதருக்கு நாலு நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. வயிற்றில் ஊசி போட்டு உறிஞ்சியது இது மூன்றாவது முறை. இனிமேல் எடுக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

முதல் இரண்டையும் ஏற்க மாட்டேன் என்றவர் லேப் அக்கா. வார்டில் அவருக்குப் பெயரே ‘திரும்பிப்போ அக்கா’.

முதல் முறை நர்ஸ் ரொம்பப் பொறுப்பாக ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப் போனாள். குளிர் ஆகாதாம், திரும்பிப் போ. அடுத்த முறை சிரிஞ்சோடு போனாள். உள்ளே மிளகளவு காற்றுக் குமிழி இருக்கிறதாம், திரும்பிப் போ.

எட்டாம் கட்டில்காரருக்கு இதிலும் கேலிதான். காற்றே ஆகாத அந்தக் கிருமி தன் வீட்டுக்காரி மாதிரியாம். அவளும் ஃபேன் போட விடமாட்டாளாம். சாயங்காலம் அவள் வருவாள், வந்து பாருங்கள் என்பார். நர்ஸுக்குப் பகல் டியூட்டி, பார்க்க வாய்த்ததில்லை. மூக்குக் கண்ணாடி உடைந்து ரிப்பேருக்குப் போயிருந்ததால் பேப்பரையும் நர்ஸைத்தான் படித்துக் காட்டச் சொல்வார்.

இன்று ஊசி இறங்கியபோது மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

லேபுக்குள் ஒரே புழுக்கம். ஃபேன் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா, டாக்டர் எழுதிய சீட்டில் இருந்த பெயரைப் படித்தார். குப்பியில் இருந்த பெயரையும் படித்தார். எப்போது எடுத்தது என்று கேட்டார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை என்றாள் நர்ஸ், மூச்சு வாங்கிக்கொண்டே.

பிறகு குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். காற்றைக் காட்டிக்கொடுக்கவென்றே குப்பியின் அடியில் லேபில் போட்டுக் கொடுக்கும் கூழ் நிறம் மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

இவ்வளவு நேரம் பார்த்தால் நல்லதிலும் ஏதாவது குறை கிடைக்கத்தானே செய்யும்? நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது.

“உங்க வீட்டு மனுஷனா இருந்தா இப்படித் திருப்பித் திருப்பி அனுப்புவீங்களாக்கா?”

அக்கா குப்பியை இறக்கினார். கூழ் நிறம் மாறவில்லை. குப்பியைக் காற்று எட்டாத பெட்டிக்குள் வைத்து மூடினார். பதிவேட்டில் நேரம் எழுதினார். கையுறையைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் ரொம்ப நேரம் கை கழுவினார்.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்ட மிதப்பில் நர்ஸ் கிளம்பினாள். அக்காவும் பின்னாலேயே கதவு வரை வந்தார். வெளியே ஆணியில் மாட்டியிருந்த கைப்பையைத் துழாவி, ஒரு மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து நீட்டினார்.

“இதை அவர்கிட்ட குடுத்துடும்மா. பேப்பர் படிக்காம அவருக்குப் பொழுதே போகாது.”