மாமாவா, சித்தப்பாவா?

“அங்கே முட்டி போடாதீங்க தம்பி, அது கடல்.”

லிஃப்ட் மெக்கானிக் சட்டென்று காலை இழுத்துக்கொண்டான். கூடம் முழுக்க ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதன்மேல் சாயப் பேனாவால் ஊர்கள், சாலைகள், நீல அலைகள். குடும்ப வரலாற்றையே ஒரு வரைபடமாக்கிச் சுவரில் மாட்டப்போகிறார்களாம். பெண் கேட்டு முதன்முறையாகக் காதலியின் வீட்டுக்கு வந்தவனிடம் தண்ணீர் கொடுத்த கையோடு ஊசியையும் நூலையும் நீட்டிவிட்டார்கள்.

“கல்யாணப் பேச்சு எங்கே ஓடிப்போகப் போகுது? முதல்ல இதை முடிப்போம். பட்டன் தைக்கத் தெரியுமில்ல?” என்றாள் அவளுடைய அம்மா. தையல்காரி. ஆளுக்கு ஒரு பட்டன் என்பது அவள் யோசனை. பிழைக்கப் போன ஊருக்கெல்லாம் நீல நூல், கல்யாணத்துக்குச் சிவப்பு நூல்.

அவளுடைய அப்பா பஸ் டிரைவர். சாலை போடும் பொறுப்பு அவருக்கு. வளைவு வரும்போதெல்லாம் வாயாலேயே ஹாரன் அடித்தார். வீடே அமர்க்களப்பட்டது.

மெக்கானிக் மட்டும் தலை நிமிராமல் பட்டன் தைத்தான். தன்னைப் பெற்றவர்கள் யாரென்றே அவனுக்குத் தெரியாது. விடுதியில் வளர்ந்தவன். முன்பொரு வீட்டில் இந்த உண்மையைச் சொன்னதற்கு வாசலோடு அனுப்பிவிட்டார்கள். அதனால் இவளிடம் மூச்சுவிடவில்லை. சொந்தபந்தம் என்று அவள் வாயெடுத்தாலே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவான். இன்று எங்கே தாவுவது?

“இந்தப் பித்தளைப் பட்டன் யாருக்கு?” என்று கேட்டான், பேச்சை வேறு பக்கம் திருப்ப.

“பிளம்பர் மாமாவுக்கு” என்றாள் காதலி.

“சித்தப்பாவுக்கு” என்றாள் அவள் தங்கை.

“மாமாடி.”

“சித்தப்பா.”

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பிளம்பர் சிரித்தார். “என்னன்னு கூப்பிட்டா என்ன? குழாய் அடைச்சா நான்தானே வரணும். அக்கா, நான் கப்பல்ல போனேனே, அதைப் போட்டியா?”

“கப்பலுக்கு பைப் மாட்டப் போனே. கப்பல் நகரவே இல்லை” என்றாள் தையல்காரி.

“அண்ணே, நீயாவது சொல்லேன்.”

டிரைவர் வாயால் ஹாரன் அடித்துக் கடந்துபோனார்.

மெக்கானிக் மனதுக்குள் கணக்குப் போட்டான். அம்மாவின் தம்பி என்றால் மாமா. அப்பாவின் தம்பி என்றால் சித்தப்பா. ஒரே ஆள் இரண்டுமாக இருப்பது எப்படி? அண்ணன் பெண்டாட்டியை அண்ணி என்றல்லவா கூப்பிட வேண்டும்? எதிரே நூல் சுற்றிக்கொண்டிருந்த, பேக்கரி வைத்திருக்கும் அம்மாளின் கதையும் இதேதான். அக்காக்காரிக்கு அவள் பெரியம்மா, தங்கைக்கு அத்தை.

அவனுக்குப் பொறி தட்டியது. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற குடும்பம். தலைமுறை தலைமுறையாகப் பின்னிப்பிணைந்து கிடக்கிறார்கள். வெளியாளையே சேர்ப்பார்களோ மாட்டார்களோ, இவனை எங்கே சேர்க்கப்போகிறார்கள்? ஊசி விரலில் ஏறியது.

“எத்தனை ஊர், எத்தனை வீடு மாறியிருக்கே? உனக்கே ஒரு கண்டு நீல நூல் காலி” என்று பேக்கரி அம்மாளை வம்புக்கிழுத்தார் பிளம்பர்.

“வீட்டுக்காரன் சரியா அமைஞ்சா நான் ஏன்டா மாறப்போறேன்?”

அந்த நீல நூல் வேறு சிடுக்காகிவிட்டது. மெக்கானிக் ஒரு வளையலைக் கேட்டு வாங்கி, லிஃப்ட் கம்பியைச் சக்கரத்தில் ஓட்டுவதுபோல் நூலை அதில் சுற்றி விறுவிறுவென்று சிடுக்கெடுத்தான். “அட, நம்ம ஆளுதான்யா” என்று டிரைவர் முதுகில் தட்டினார். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்த வீட்டை இழக்கப்போகிறோமே என்ற நினைப்பும் கூடவே வந்தது.

டிரைவர் பட்டன் டப்பாவை அவன் முன்னால் கவிழ்த்தார். “இந்த ஓரம் பூரா உங்க பக்கத்துக்குத்தான் விட்டு வெச்சிருக்கோம். ம், சொல்லுங்க. எத்தனை பட்டன் எடுக்கட்டும்?”

எல்லாரும் ஆவலோடு அவனையே பார்த்தார்கள். காதலி ஊசியில் சிவப்பு நூலைக் கோத்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு பட்டனை எடுத்து, இது அப்பா, இது அம்மா என்று அடித்துவிட்டால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இந்த முகங்களைப் பார்த்துப் பொய் சொல்ல அவனால் முடியவில்லை.

“ஒண்ணு போதுங்க” என்றான். “எனக்கு யாரும் இல்லை. அப்பா அம்மா யாருன்னே தெரியாது. அனாதை விடுதியில வளர்ந்தவன். உங்களை மாதிரி பெரிய குடும்பத்துக்கு ஒத்துவர மாட்டேன். முன்னாடியே சொல்லாதது தப்புதான், மன்னிச்சிடுங்க.”

அவன் எழுந்து, கடலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்தது. அவமானத்தில் அவன் காது சுட்டது.

“நான் எங்க வீட்டைப் பத்திச் சொல்ல வந்தப்ப எல்லாம் பேச்சை மாத்துனது யாராம்?” என்று ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள் காதலி. அவள் கண் கலங்கியிருந்தது.

டிரைவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார்.

“நீங்க ஒத்துவராம வேற யாரு ஒத்துவருவா? நான், என் பொண்டாட்டி, பிளம்பர், பேக்கரிக்காரி, நாங்க எல்லாரும் ஒரே அனாதை விடுதியில வளர்ந்தவங்கதான் தம்பி. இந்தக் குடும்பத்துலயே அப்பா அம்மா இன்னாருன்னு தெரிஞ்சு வளர்ந்தது இவளும் இவ தங்கச்சியும் மட்டும்தான்.”